“கொஞ்சம் தள்ளி இரிங்க”: பஸ்ஸில் நாம் கேட்கத் தயங்கும் ஒரு வார்த்தை

பஸ்ஸில் போய் வருகின்ற யாரிடமும் ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள், ஒரு முறைப்பாடாவது வெளியே வரும். போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு வந்தவர், பக்கத்து சீட்டில் உரப்பையை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர், உள்ளுக்கும் போகாமல் கீழேயும் இறங்காமல் வாசலை மறித்து நின்றவர், ஜன்னல் வழியாக வெற்றிலை துப்பியவர் என்று பட்டியல் நீளும். “அவரிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்து சொல்லியிருப்பார்கள். இப்போதெல்லாம் பேஸ்புக்கில் எழுதியிருப்பார்கள்.

பஸ்ஸில் அசட்டையாக நடப்பவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது நாம் ஏன் வாய் திறப்பதில்லை, திறந்தால் எப்படித் திறப்பது என்பதைப் பற்றி.

நான் சாம்பல்தீவுப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். வீடு திருகோணமலை நகரில். காலையும் பின்னேரமும் நிலாவெளி வீதி பஸ்தான். சின்னப் பயணம். ஆனால் அந்தப் பஸ்ஸில் இல்லாத ஆட்கள் இல்லை. புல்மோட்டையிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் வருகிறவர்கள், மீன் பெட்டியோடு ஏறுகிறவர்கள், சீசன் காலத்தில் நிலாவெளிக்கும் புறாத்தீவுக்கும் போகும் வெள்ளைக்காரர்கள் (அவர்களது முதுகுப் பை ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக்கட் போடலாம்), லீவில் போகும் படையினர், எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே வண்டியில். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தோளோடு தோள் உரசி நிற்கின்ற இடங்கள் எங்கள் மாவட்டத்தில் அதிகம் இல்லை. பாடசாலை வேறு, வணக்கத்தலம் வேறு, பல ஊர்களில் சந்தையும் வேறு. பஸ் ஒன்றுதான்.

ஆகவே இங்கே ஒருவர் அசட்டையாக நடந்தால் அது அவரோடு முடிவதில்லை. தொப்பி போட்ட ஒருவர் இரண்டு பேருக்கான சீட்டில் சாய்ந்து கிடந்தால் “இவங்கட ஆக்கள் இப்படித்தான்” என்று பின்னால் ஒரு குரல் முணுமுணுக்கும். நெற்றியில் திருநீறு பூசிய ஒருவர் அதையே செய்தால் நம்மவர் வாயிலிருந்தும் அதே வசனம்தான் வரும். இரண்டையும் என் காதால் கேட்டிருக்கிறேன். ஆளிடம் நேரே சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கக்கூடிய எரிச்சல் அது. சொல்லாமல் விட்டதால் ஆளை விட்டுவிட்டு அவரது சமூகத்தின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. யுத்தத்தையும் 2019ஐயும் கண்ட ஒரு மாவட்டத்தில் இதைச் சின்ன விஷயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஏன் கேட்பதில்லை? கேட்டால் சண்டை வரும் என்று பயம். அந்தப் பயம் எவ்வளவு சரி என்பதை ஒருவர் சோதித்தே பார்த்திருக்கிறார். அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1970களின் தொடக்கத்தில் நியூயோர்க் நகரில் தன் மாணவர்களை நிலக்கீழ் ரயிலுக்கு அனுப்பினார். வேலை இதுதான்: உட்கார்ந்திருக்கும் ஒரு பயணியிடம் போய், எந்தக் காரணமும் சொல்லாமல், “உங்கள் இடத்தை எனக்குத் தர முடியுமா?” என்று கேட்க வேண்டும். நியூயோர்க்காரர் முகத்திலேயே குத்துவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. கேட்கப்பட்டவர்களில் சுமார் 68 சதவீதத்தினர் எழுந்தோ நகர்ந்தோ இடம் கொடுத்தார்கள்.

இதைவிட எனக்குச் சுவையாகப் பட்டவை இரண்டு. ஒன்று, “நின்றுகொண்டு புத்தகம் வாசிக்க முடியவில்லை” என்று ஒரு காரணத்தையும் சேர்த்துக் கேட்டபோது இடம் கொடுத்தவர்கள் 42 சதவீதமளவுக்குக் குறைந்துவிட்டார்கள். காரணம் சொன்னதும் கேட்டவர், அது போதுமான காரணமா என்று எடைபோடத் தொடங்கிவிடுகிறார். மற்றது, கேட்டவர்களின் நிலை. மில்கிராமே ஒருநாள் கேட்கப் போனபோது வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டதாம். இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகும் உண்மையிலேயே சுகமில்லாதவர் போலக் காட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்ததாம். சிரமம் முழுவதும் கேட்பவரின் வயிற்றில்தான் இருந்தது. எதிரில் இருந்தவரிடம் அவ்வளவாக இல்லை.

நியூயோர்க் எங்கே, நிலாவெளி வீதி எங்கே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எங்களிடம் நியூயோர்க்காரருக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரை முறை சொல்லிக் கூப்பிடலாம். தம்பி, நானா, ராத்தா, மாமி, அண்ணா, ஐயா, அக்கா. சிங்களவர் என்றால் மல்லி, நங்கி, அய்யே. அந்த ஒரு சொல்லில் பாதி வேலை முடிந்துவிடும். “ஹலோ” என்று தொடங்கினால் சண்டைக்கு அழைப்பது போல இருக்கும். “தம்பி” என்று தொடங்கினால் அவன் திரும்பிப் பார்க்கும்போதே முகம் கொஞ்சம் இளகியிருக்கும்.

அடுத்தது, என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது. ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்த விஷயம் இது. பிள்ளையிடம் “ஓடாதே” என்று கத்துவதைவிட “நடந்து வா” என்று சொல்வது பலன் தரும், ஏனென்றால் இரண்டாவதில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. வளர்ந்த பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தான். “இது பஸ்ஸா உங்கட வீடா?” என்று கேட்டால் அதற்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும், சுற்றிவர நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். “தம்பி, சத்தத்தக் கொஞ்சம் குறைங்க” என்றால் விரலை அசைத்தால் போதும், பதில் தேவையில்லை. ஒருவருக்கு மானத்தோடு பின்வாங்க வழி விட்டுவிட்டால் பெரும்பாலானவர்கள் பின்வாங்கிவிடுவார்கள். நக்கலாகச் சொன்னால் அந்த வழியை நாமே மூடிவிடுகிறோம். சிங்களம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், “மல்லி, சத்தே டிக்கக் அடு கரன்ன” என்ற ஒரு வசனத்தைப் பாடமாக்கி வைத்துக்கொள்ளுங்கள். உச்சரிப்புக்கு அவர்கள் சிரித்தாலும் சத்தம் குறையும்.

போன் சத்தம் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அது நம்மவர்களுக்கு. பாட்டுப் போடுபவரை முறைக்கின்ற சிலர் பயானை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கிராஅத்தும் போடுகிறார்கள். நல்ல விஷயம்தானே, நாலு பேர் காதில் விழட்டும் என்ற எண்ணம். ஓதப்படும்போது வாய்மூடிக் காது தாழ்த்திக் கேட்க வேண்டிய ஒன்றை, கண்டக்டர் சில்லறைக்குச் சண்டை பிடிக்கும் இடத்தில், பிரேக் சத்தத்துக்கும் ஹோர்ன் சத்தத்துக்கும் நடுவே போட்டுவிடுவது அதற்குச் செய்கின்ற கண்ணியமா? பக்கத்தில் இருப்பவர் இரவு டியூட்டி முடிந்து வரும் தாதியாக இருக்கலாம், மையித்து வீட்டுக்குப் போகிறவராக இருக்கலாம், அல்லது நமது மொழியே விளங்காதவராக இருக்கலாம். இயர்போன் ஒன்று என்ன விலை.

சீட்டில் வைக்கும் மூட்டை, முதுகில் மாட்டிய பாடசாலைப் பை, மீன் தண்ணீர் ஒழுகும் பெட்டி இவையெல்லாம் பெரும்பாலும் கவனக் குறைவுதான். பையை முதுகிலிருந்து கழற்றிக் காலடியில் வைக்கும்படி என் வகுப்புப் பிள்ளைகளிடம் வருடத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவேன். பெரியவர்களின் மூட்டையைப் பொறுத்தவரை “இத நான் கொஞ்சம் கீழ வைக்கட்டா நானா?” என்று கையைக் கொண்டுபோனால் போதும். தானாகவே எழுந்து வைத்துவிடுவார்.

வாசலை மறிப்பவர்கள் வேறு ரகம். அவர்களுக்கு ஒரு நியாயம் உண்டு. உள்ளே போனால் தங்கள் இடத்தில் இறங்க முடியாமல் போய்விடுமோ என்ற பயம். நெரிசல் நேரத்தில் அது வீண் பயமும் அல்ல, உள்ளேயிருந்து கத்திக் கத்தி அடுத்த தரிப்பிடத்தில் இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இதைப் பயணிகளுக்குள் தீர்க்க முடியாது. கண்டக்டர்தான் தீர்க்க வேண்டும். கொழும்புப் பஸ்களில் “இஸ்ஸரஹட்ட யன்ன” என்று கண்டக்டர்கள் தொண்டை கிழியக் கத்துவது அடுத்தவரை ஏற்றுவதற்காக. இறங்க வேண்டியவரை இறக்கிவிடும் உத்தரவாதத்தையும் சேர்த்துச் சொன்னால் ஆட்கள் உள்ளுக்குப் போவார்கள். பஸ்ஸில் அதிகாரம் உள்ள ஒரே ஆள் அவர்தான். நமது சொல்லுக்கு மசியாதவரைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும், அதுவும் ஒருவர் சொல்லாமல் இரண்டு மூன்று பேராகச் சொன்னால்தான் காதில் ஏறும். சாரதியே பாட்டை அலறவிட்டால் யாரிடம் சொல்வது என்கிறீர்களா? அதற்கும் கண்டக்டர்தான். சாரதி ஓடிக்கொண்டிருக்கும்போது அவரிடம் வாய்கொடுக்கக் கூடாது.

இனி சீட்டுக்கு வருவோம். இலங்கைப் பஸ்களின் முன் சீட்டுகளுக்கு மேல் என்ன எழுதியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்டது. அதற்குப் பின்னால் கர்ப்பிணித் தாய்மாருக்கு, மாற்றுத் திறனாளிகளுக்கு. முதலாவது எழுத்து எப்போதும் வேலை செய்யும். ஹாமதுரு ஏறினாலும் மௌலவி ஏறினாலும் ஐயர் ஏறினாலும் உட்கார்ந்திருப்பவர் எழுந்துவிடுவார். இரண்டாவது எழுத்து அப்படி வேலை செய்வதில்லை. கர்ப்பிணிகள் மீது நமக்கு இரக்கம் குறைவு என்று நான் நினைக்கவில்லை. காவியையும் ஜுப்பாவையும் தூரத்திலிருந்தே கண்ணால் பார்க்கலாம், கர்ப்பத்தைப் பார்க்க முடியாது. அதுவும் நமது பெண்கள் அபாயா அணிகிறார்கள். ஆறாம் ஏழாம் மாதத்தில்கூட வெளியே தெரியாது. தெரியவே தெரியாத முதல் மூன்று மாதத்தில்தான் வாந்தியும் தலைச்சுற்றும் அதிகம். சாரி உடுத்த கர்ப்பிணிக்குக் கேளாமலே கிடைக்கும் இடம், அபாயா போட்ட கர்ப்பிணிக்குக் கேட்டால்தான் கிடைக்கும். நமது பெண்களோ கேட்கமாட்டார்கள். அந்நிய ஆண்களிடம் போய் “எனக்குப் பிள்ளை கிடைக்க இருக்கு” என்று எப்படிச் சொல்வது? கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாலத்தில் பஸ் குலுங்கும்போது வயிற்றை ஒரு கையால் அணைத்துக்கொண்டு நிற்பார்கள்.

லண்டனில் இந்தப் பிரச்சினைக்கு ஒரு வழி கண்டார்கள். 2005இல் அந்நகரப் போக்குவரத்து நிறுவனம் வட்டமான ஒரு சட்டைப் பட்டயத்தைக் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. வயிற்றில் குழந்தை இருக்கிறது என்பதை அது சொல்லும். அதை அணிந்தவர் வாய் திறக்கத் தேவையில்லை. நமது தாய் சேய் நிலையங்களில் இப்படி ஒன்றைக் கொடுத்தால் என்ன செலவாகிவிடும்? கிளினிக் அட்டையோடு சேர்த்துக் கொடுக்கக்கூடிய பொருள். கிடைக்கும்வரை வேறு ஆள் கேட்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் பெண், கூட வரும் கணவன், மகன். “நானா, தங்கச்சிக்கு ஏலாம இரிக்கி, கொஞ்சம் இடம் குடுங்க” என்று அடுத்தவருக்காகக் கேட்பது தனக்காகக் கேட்பதைப் போலக் கூச்சமாக இருக்காது. காரணத்தை விளக்கவும் வேண்டாம்.

ஸூறா அல்முஜாதலாவின் 11ஆவது வசனம் சபைகளில் இடம் விடுவதைப் பற்றிப் பேசுகிறது. அதை நாம் இடம் கொடுப்பவருக்கான போதனையாகவே ஜும்ஆக்களில் கேட்டு வந்திருக்கிறோம். வசனத்தின் தொடக்கத்தைக் கவனித்தால், இடம் விடுங்கள் என்று உங்களிடம் சொல்லப்பட்டால் விடுங்கள் என்றே அது அமைந்திருக்கிறது. அங்கே சொல்கின்ற ஒருவரும் இருக்கிறார். கேட்பதை இழிவாக நினைக்கத் தேவையில்லை என்பதற்கு எனக்கு இதுவே போதும். மார்க்க அறிஞர்கள் இதைவிட அழகாக விளக்கக்கூடும்.

“சொல்லி என்ன டீச்சர், நம்ம சனம் மாறாது” என்பவர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்தலாம். நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் பஸ்ஸின் பின் சீட்டில் சிகரட்டும் பீடியும் சர்வ சாதாரணம். புகை முன்னுக்கு வரும், வாப்பா ஜன்னலைத் திறந்துவிடுவார், அவ்வளவுதான். இன்று என் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை. பொது இடங்களில் புகைத்தலைக் கட்டுப்படுத்திய 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இதற்கு ஒரு காரணம். ஆனால் ஒவ்வொரு பஸ்ஸிலும் பொலிஸ்காரர் நின்று பிடிக்கவில்லை. யாராவது ஒருவர் “அணைங்க தம்பி” என்று சொன்னார், மற்றவர்கள் அவர் பக்கம் நின்றார்கள். சட்டம் அந்த ஒருவருக்குத் துணிச்சல் கொடுத்தது.

இதுவரை நான் சொன்னது அசட்டையாக இருப்பவர்களைப் பற்றி. நெரிசலைச் சாட்டாக வைத்துப் பெண்கள் மேல் கை வைப்பவனை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவன் யோசித்துத்தான் செய்கிறான். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் நமது நாட்டில் 2,500 பேரளவில் நடத்திய ஆய்வொன்றில், பஸ்ஸிலோ ரயிலிலோ பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் நூற்றுக்கு 90 பேர். அவர்களில் பொலிஸை நாடியவர்கள் நூற்றுக்கு 4 பேர். அபாயாவும் ஹிஜாபும் காப்பாற்றும் என்று நினைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். என்னிடம் வந்து அழுத மாணவிகளைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அவர்களில் சிலர் உம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். யாரோ ஒருவன் செய்ததற்குப் பிள்ளையின் ஏ.எல். படிப்பு போகிறது. இது நமது ஊர்களில் நடந்திருக்கிறது.

இங்கே “தம்பி” என்ற சொல்லும் மெதுவான குரலும் வேண்டாம். சத்தமாக, உடுப்பைச் சொல்லி, செயலைச் சொல்லிப் பேச வேண்டும்: “நீல சேர்ட், கைய எடுங்க.” இரண்டு மூன்று வார்த்தை போதும். பஸ் முழுவதும் திரும்பிப் பார்க்கும், அவனுக்குத் தேவையில்லாதது அதுதான். இது மானம் சம்பந்தப்பட்ட விஷயம், சத்தம் போட்டால் பெண்ணுக்குத்தான் கேடு என்று சொல்லிச் சொல்லியே அவனுக்கு நாம் காவல் நின்றிருக்கிறோம். பாதையின் உரிமைகள் எவை என்று ஸஹாபாக்கள் கேட்டபோது பார்வையைத் தாழ்த்துவதையும் தொல்லை கொடுக்காதிருப்பதையும் சொன்ன நபியவர்கள், நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதையும் அதே பட்டியலில் சேர்த்தார்கள். புஹாரியிலும் முஸ்லிமிலும் வருகின்ற ஹதீஸ். முதலாவதைப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் ஓயாமல் சொல்கிறோம். கடைசி, பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நம் எல்லோருக்கும் உரியது.

பார்த்துக்கொண்டிருப்பவர் சண்டைக்குப் போகத் தேவையில்லை. உப்புவெளியில் ஏறிய ஒரு தமிழ் அம்மா செய்ததை நான் பார்த்தேன். எங்கள் பக்கத்துப் பாடசாலைப் பிள்ளை ஒன்று, வெள்ளைப் பர்தாவோடு, நெளிந்து நெளிந்து நின்றது. பின்னால் ஒருவன். அந்த அம்மா அவனைப் பார்க்கவேயில்லை. “பிள்ளை, இஞ்ச வா. என்ர மடியில பையை வை. என்னோட ஒட்டி நில்” என்று கையைப் பிடித்து இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டார். பிறகுதான் தலையைத் திருப்பி, “உனக்கு எவடத்த இறங்கோணும்?” என்று அவனிடம் கேட்டார். அவன் அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிவிட்டான்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்தின்படி, பாலியல் தொந்தரவுக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறை அல்லது தண்டப்பணம் அல்லது இரண்டும் விதிக்கலாம். உடனடி உதவிக்குப் பொலிஸ் 119. பெண்களுக்கான இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929. மாகாணம் விட்டு மாகாணம் ஓடும் பஸ் என்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955. புல்மோட்டை, மூதூர், கிண்ணியா போல மாகாணத்துக்குள் ஓடும் பஸ் என்றால் கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபைக்குத்தான் முறைப்பாடு போக வேண்டும். எங்கே சொன்னாலும் முதலில் கேட்பது பஸ் இலக்கம், நேரம், எங்கிருந்து எங்கே என்பவற்றைத்தான். டிக்கட்டை இறங்கும்போது கசக்கி எறிந்துவிடாதீர்கள். டிக்கட் தராத பஸ் என்றால், இறங்கியதும் அதன் பின் நம்பரை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.